மழைப் பதிவில் வெற்றிடங்கள்: வாசகர் கேள்வி

கேள்வி: தாமிரபரணி வடிநிலத்துக்கு ‘ஸ்வாட்’ நீரியல் மாதிரியை (மழை, மண் போன்ற விவரங்களிலிருந்து ஆற்றின் நீரோட்டத்தைக் கணக்கிடும் கணினி மாதிரி) அமைத்து வருகிறேன். மழைமானி நிலையங்களின் தினசரிப் பதிவுகளில் பல நாட்கள் விடுபட்டுள்ளன. அவற்றை மாதிரியே நிரப்பிக்கொள்ளும் என்கிறார்கள், நம்பலாமா? அல்லது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்டத் தரவை (நாட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மழையளவைத் தரும் தரவு) மட்டும் பயன்படுத்தினால் போதுமா?
– ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: விடுபட்ட நாளுக்கு -99 என்று எழுதினால், ஸ்வாட்டுக்குள் இருக்கும் ‘வானிலை உருவாக்கி’ என்ற பகுதி அந்த இடத்தை நிரப்பும் என்பது உண்மைதான். ஆனால் அது மாதவாரிப் புள்ளிவிவரங்களை வைத்துக்கொண்டு தற்செயல் முறையில் உருவாக்கும் மழை; நீண்டகாலச் சராசரியோடு ஒத்துப்போகுமே தவிர, குறிப்பிட்ட ஒரு நாளில் உண்மையில் பெய்த மழையோடு அதற்குத் தொடர்பு கிடையாது. வெள்ளம் வந்த நாளை அது வறண்ட நாளாக்கிவிடக்கூடும்; காரணம் தெரியாமல் நீங்கள் மாதிரியில் மண்ணின் தன்மையைக் குறிக்கும் எண்களைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். கதிர்வீச்சு, காற்றின் வேகம், ஈரப்பதம் ஆகியவற்றுக்கு அந்த வசதியை ஏற்கலாம். மழைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

கட்டத் தரவு 1901 முதல் 0.25 பாகை இடைவெளியில் கிடைக்கிறது. அதாவது ஒரு கட்டம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் அகலம். பொதிகைச் சரிவில் ஊத்து, நாலுமுக்கு பகுதிகளின் கனமழைக்கும் அடிவாரத்துச் சமவெளியின் குறைந்த மழைக்கும் இடையிலான தூரமே அவ்வளவுதான் என்பதால், இரண்டும் ஒரே சராசரிக்குள் கரைந்துவிட வாய்ப்புண்டு. ஆகவே நிலையப் பதிவுகளையே அடிப்படையாகக் கொண்டு, வெற்றிடங்களுக்கு மட்டும் கட்டத் தரவை, இரண்டிலும் பதிவான நாட்களின் மாத மொத்தங்களை ஒப்பிட்டுக் கிடைக்கும் விகிதத்தால் திருத்தி எடுத்துக்கொள்ளுங்கள். கட்டத் தரவும் மழைமானிகளிலிருந்து உருவானதே. இரண்டும் ஒத்துப்போவதைத் தனிச் சான்றாகக் கருத வேண்டாம்.

பதிவேட்டில் காலியாக விடப்பட்ட நாளைப் பூஜ்யமாக மாற்றுவதே நான் அதிகம் காணும் பிழை. மழை இல்லாத நாளும், அளக்கப்படாத நாளும் ஒன்றல்ல. இரண்டு மூன்று காலி நாட்களுக்குப் பின் திடீரெனப் பெரிய எண் வந்தால், அது அந்த நாட்களின் மொத்த மழையாக இருக்கலாம். பக்கத்து நிலையங்களைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம்.

குறியீடுகளிலும் கவனம் தேவை. வானிலை ஆய்வுத் துறையின் மழைக் கோப்பில் விடுபட்ட மதிப்பு -999. வெப்பநிலைக் கோப்பில் 99.9. பின்னதை மாற்ற மறந்தால், மாதிரி அதை 99.9 டிகிரி செல்சியஸ் என்றே எடுத்துக்கொள்ளும்.

தேதியையும் சரிபாருங்கள். காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 18 என்ற தேதியில் பதிவான 95 செ.மீ. மழை, அன்று காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்துக்குரியது. அதாவது அதன் பெரும்பகுதி நேரம் 17ஆம் தேதியைச் சேர்ந்தது. நீரோட்ட அளவீடு நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கணக்கிடப்பட்டிருந்தால், மாதிரியின் வெள்ள உச்சம் ஒரு நாள் தள்ளித் தெரியும்.

கடைசியாக ஒன்று: ஸ்வாட், வடிநிலத்தைப் பிரித்துக் கிடைக்கும் ஒவ்வொரு துணை வடிநிலத்துக்கும் அதன் மையத்துக்கு மிக அருகிலுள்ள நிலையத்தையே ஒதுக்கும், இடையில் மலைமுகடு இருப்பதை அது அறியாது. கேரளப் பக்கத்து நிலையங்களையும் பட்டியலில் சேர்த்திருந்தால், மேற்கு ஓரத்துத் துணை வடிநிலங்களுக்கு எந்த நிலையம் அமைந்திருக்கிறது என்பதை வரைபடத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள்.