மளிகைக் கடையின் பின்னறையில் ஒரு வகுப்பு: கேள்வி பதில்

அட்லாண்டாவில் 16 ஆண்டுகளாக ஒரு சிறிய தொண்டு அமைப்பில் முதியோர் கல்வி, வாக்காளர் பதிவு வேலைகளைச் செய்துவருகிறேன். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இனவெறிக்கு எதிரான கல்வியும் மக்களைத் திரட்டும் வேலையும் எப்படிக் கைகோத்து வளர்ந்தன என்று பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

கல்லூரி மாணவி, திருச்சி: அக்கா, இனவெறி எதிர்ப்புக் கல்வி என்றால் "எல்லாரும் சமம்" என்று பாடம் நடத்துவதா?

இல்லைம்மா. அப்படி நடத்தி யாரும் மாறி நான் பார்த்ததில்லை. செப்டிமா கிளார்க் என்ற கறுப்பின ஆசிரியை 1916-இல், தன் 18-வது வயதில், தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவுக்கு வேலைக்குப் போனார். சொந்த ஊரான சார்ல்ஸ்டன் நகரத்து அரசுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களுக்கு அப்போது இடமில்லை. தீவுப் பள்ளியில் அவரும் இன்னொரு ஆசிரியையுமாகச் சேர்ந்து 132 பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குச் சம்பளம் மாதம் 35 டாலர். எதிரே இருந்த வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளியில் 3 பேர்தான். அங்கே ஆசிரியைக்கு 85 டாலர்.

"எல்லாரும் சமம்" என்று கரும்பலகையில் எழுதினால் இந்தக் கணக்கு மாறிவிடுமா? சம்பளத்தை முடிவு செய்பவர் யார், அவரைத் தேர்ந்தெடுப்பவர் யார், அந்தத் தேர்தலில் நாம் ஏன் ஓட்டுப் போட முடியவில்லை என்று கேட்கவைக்க வேண்டும். கேட்டவர்கள் அடுத்து ஒன்றுகூடி ஒரு காரியம் செய்ய வேண்டும். அதுவரை போனால்தான் அது இந்தக் கல்வி.

ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுக்கோட்டை: நான் அறிவொளி இயக்கத்தில் வகுப்பு எடுத்தவன். ஜான்ஸ் தீவு வகுப்பைப் பற்றி முன்பு ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள் அம்மா. அது நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

ஐயா, அறிவொளியில் நின்றவருக்கு இது எளிதாகப் புரியும். அந்தக் காலத்தில் தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் மாநில அரசியல் சாசனத்தில் ஒரு பகுதியை அதிகாரியின் முன் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. இல்லையென்றால் 300 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டியிருந்தது. படித்தது சரியா என்று முடிவு செய்ததும் அந்த அதிகாரிதான்.

தீவிலிருந்து சார்ல்ஸ்டனுக்குத் தினமும் வேலையாட்களை ஏற்றிப் போகும் பஸ் ஒன்றை ஈசா ஜெங்கின்ஸ் என்பவர் ஓட்டிக்கொண்டிருந்தார். சாசனப் பகுதிகளைத் தட்டச்சு செய்து பஸ்ஸிலேயே கொடுப்பார். வழியெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. ஆலிஸ் வைன் என்ற பெண், படிக்கத் தெரியாமலே கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து பதிவும் செய்துகொண்டார். ஆனாலும் முறையாகப் படிக்கக் கற்க வேண்டும் என்ற ஆசை அவருக்குத் தீரவில்லை. ஜெங்கின்ஸ் இந்தத் தேவையை ஹைலேண்டர் பள்ளிக்கு எடுத்துப் போனார். டென்னசி மலைப்பகுதியில் மைல்ஸ் ஹார்ட்டனும் டான் வெஸ்ட்டும் 1932-இல் தொடங்கிய பள்ளி அது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட இடம். அந்தக் காலத்துத் தெற்கில் அதுவே சட்டவிரோதம்.

1957 ஜனவரியில் தீவில் முதல் வகுப்பு. கூட்டுறவாக ஒரு மளிகைக் கடை வைத்தார்கள். முன்பக்கம் வியாபாரம், பின்னறையில் பாடம். பின்னால் நடப்பது வெள்ளையர் கண்ணில் படக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. வயல் வேலை ஓய்ந்திருக்கும் குளிர்கால மாதங்களில், வாரம் இரண்டு இரவு. முதல் நாள் வந்தவர்கள் 14 பேர்.

வகுப்பு எடுத்த பெர்னிஸ் ராபின்சன் பள்ளிப் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களைக் கொண்டுபோயிருந்தார். வந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்ததுமே அவை ஆகாது என்று தெரிந்துவிட்டது. அறுபது வயதுக்காரரிடம் பூனைப் படமும் நாய்ப் படமும் காட்ட முடியுமா? புத்தகத்தை ஒதுக்கிவிட்டு, என்ன கற்க ஆசை என்று கேட்டார். தன் பெயரை எழுத வேண்டும் என்றார் ஒருவர். பைபிள் படிக்க வேண்டும், வெளியூரில் இருக்கும் மகனின் கடிதத்தை அடுத்தவரிடம் கொடுக்காமல் தானே படிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். அதுவே பாடத்திட்டம் ஆனது. ஒவ்வொருவர் பெயரையும் அட்டையில் எழுதிக் கொடுத்து, அதன் மேலேயே பென்சிலை ஓட்டி ஓட்டிக் கைக்குப் பழக்கினார். கலப்பை பிடித்த கைகள் ஆயிற்றே, பென்சில் படக்கென்று உடையும். உடைந்தால் அடுத்த பென்சில்.

சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை மாட்டியிருந்தார். வகுப்பு முடிவதற்குள் எல்லாரும் அதைப் படித்துவிட வேண்டும் என்பது அவருடைய இலக்கு. பெயரெழுதக் கற்கும் ஒருவர் தினமும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைக்கும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துபோகிறது.

சமூகப்பணி மாணவர், கோவை: ராபின்சன் பயிற்சி பெற்ற ஆசிரியையா?

இல்லை, அழகு நிலையம் நடத்தியவர். வேண்டுமென்றேதான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் என்றால் பள்ளிக்கூடப் பழக்கத்தில் அதட்டி உருட்டுவார் என்று, அப்போது ஹைலேண்டரில் வேலை செய்த கிளார்க்கும் ஹார்ட்டனும் பயந்தார்கள். ராபின்சனுக்குப் பிறர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கத் தெரியும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அவரிடம் தலைமுடி அலங்காரத்துக்கு வந்தவர்கள் கறுப்பினப் பெண்கள். எந்த வெள்ளை முதலாளியும் அவரை வேலையை விட்டுத் தூக்க முடியாது. களத்தில் யாரை முன்னால் நிறுத்துவது என்று யோசிக்கும்போது, அவருடைய சோறு யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வாசகி, மதுரை: ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்கக் கால்வலியால் மறுத்தார் என்று பள்ளியில் படித்தோம். உண்மையா?

அந்தக் கதை அவருக்குச் செய்யும் அநியாயம். அலபாமா மாநிலத்து மாண்ட்காமரி நகரில், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் கிளைச் செயலாளராக 1943 முதல் வேலை செய்தவர் அவர். 1955 கோடையில் ஹைலேண்டரில் இரண்டு வாரப் பயிலரங்கில் கலந்துகொண்டார். அங்கே கிளார்க்கும் இருந்தார். ஊருக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று கடைசி நாளில் கேட்டபோது, எங்கள் ஊரில் மக்கள் ஒன்றுசேர மாட்டார்கள், இளைஞர்களோடு மட்டும் வேலை செய்வேன் என்ற பொருளில்தான் பதில் சொன்னார். டிசம்பர் 1-ஆம் தேதி கைதானார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரிப் பேராசிரியை பஸ்ஸில் ஏற வேண்டாம் என்று பல்லாயிரம் துண்டறிக்கைகளைச் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் ஓட்டி எடுத்தார். அவருடைய பெண்கள் அமைப்பு முன்பிருந்தே புறக்கணிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. 381 நாள் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறவில்லை. தயாரிப்பு இல்லாமல் இது நடந்திருக்குமா?

தொண்டு அமைப்பு ஊழியர், சென்னை: எவ்வளவு கூப்பிட்டாலும் மக்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. மனசு விட்டுப்போகிறது மேடம்.

கிளார்க்குக்கும் இது நடந்தது. 1956-இல் தென் கரோலினா அரசு, அரசு ஊழியர் யாரும் என்.ஏ.ஏ.சி.பி.யில் இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. விலக மறுத்த கிளார்க்கின் வேலை போனது, ஓய்வூதியமும் போனது. 40 ஆண்டு உழைப்பு. சேர்ந்து எதிர்ப்போம் என்று 726 கறுப்பின ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் போட்டவர்கள் 26 பேர். பள்ளிகளின் அதிகாரியைப் பார்க்க வருகிறோம் என்றவர்கள் 11. அன்று வந்து நின்றவர்கள் 5.

அவர் அந்த ஆசிரியர்களைத் திட்டவில்லை. அவர்கள் தயாராகும் முன்பே நான் தள்ளிவிட்டேன், இது என் வாழ்க்கையின் தோல்விகளில் ஒன்று என்றுதான் பின்னாளில் சொன்னார். என் மேசைக்கு எதிரே 726, 26, 11, 5 என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு ஆள் வராதபோது, வராதவரைக் குறை சொல்லும் முன் அதைப் பார்ப்பேன். அவர் வீட்டுக்கு எத்தனை முறை போனோம்? வந்தால் அவருக்கு என்ன ஆபத்து என்று கேட்டோமா? அப்புறம் உங்கள் கூட்டம் எத்தனை மணிக்கு? மாலை ஆறு மணி என்றால் சமைக்கிற பெண்கள் எப்படி வருவார்கள்?

மென்பொருள் பொறியாளர், டல்லாஸ்: எங்கள் நிறுவனத்தில் ஒரு மணி நேர இனப் பாகுபாடு எதிர்ப்புப் பயிற்சி கட்டாயம். இதனால் பயன் உண்டா?

இந்தக் கேள்விக்கு நம்மவர் ஒருவர் 1980-களிலேயே பதில் சொல்லிவிட்டார். அ. சிவானந்தன், கொழும்பில் பிறந்த ஈழத் தமிழர். 1958 கலவரத்துக்குப் பிறகு நாட்டை விட்டு லண்டனுக்கு வந்தார். வந்து இறங்கிய நேரத்தில் அங்கே நாட்டிங் ஹில்லில் கறுப்பர்களை வெள்ளைக் கும்பல்கள் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு தீவின் இனவெறிக்குத் தப்பி இன்னொரு தீவின் இனவெறிக்குள் வந்தவர். 1964-இல் அங்குள்ள இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்தார். அந்த நிறுவனம் அப்போது மேல்தட்டு அறிஞர்களுக்கும் அரசுக்கும் ஆலோசனை சொல்லும் இடம். 1972-இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் சேர்ந்து ஓட்டெடுப்பில் அதை நிர்வாகத்திடமிருந்து மீட்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்கான அமைப்பாக மாற்றினார்கள். பெரிய நன்கொடைகள் நின்றன. நிறுவனம் சின்ன இடத்துக்கு மாறியது. ஆனால் நின்று பிடித்தது. 2018-இல் இறக்கும்வரை அவருடைய எழுத்தில் கூர்மை மழுங்கவில்லை.

வெள்ளையரை வட்டமாக உட்காரவைத்துக் குற்ற உணர்ச்சியைக் கிளறும் பயிற்சிகள் பிரிட்டனில் பரவியபோது அவர் கடுமையாக எதிர்த்தார். இனவெறியை மனநோய் போல நடத்தினால், வீடு தராத நகராட்சியும் அடித்துத் துன்புறுத்தும் போலீசும் தப்பித்துவிடும் என்பது அவர் வாதம். நானும் அந்தக் கட்சிதான். உங்கள் பயிற்சி முடிந்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நம் நிறுவனத்தில் யாரை வேலைக்கு எடுப்பது, யாருக்குப் பதவி உயர்வு கொடுப்பது என்ற விதிகளில் இன்று எது மாறியது? பதில் இருந்தால் பயன் உண்டு.

ஆய்வு மாணவர், யாழ்ப்பாணம்: அரசு இந்தப் பள்ளிகளைச் சும்மா விட்டதா?

விடவில்லை. 1959 ஜூலை கடைசி நாள் இரவு ஹைலேண்டரில் போலீஸ் புகுந்தது. விளக்குகள் அணைந்த இருட்டில் பிள்ளைகள் "வீ ஷல் ஓவர்கம்" (நாம் வெல்வோம்) பாட்டைப் பாடிக்கொண்டே இருந்தார்கள். "எங்களுக்குப் பயமில்லை" என்ற வரி அந்தப் பாட்டில் அன்றுதான் சேர்ந்தது என்று அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள். மது வைத்திருந்ததாகக் கிளார்க்கைக் கைது செய்தார்கள். மதுவைத் தொடாதவர் அவர்! 1961-இல் பள்ளியின் உரிமத்தைப் பறித்துச் சொத்தை ஏலம் விட்டது டென்னசி அரசு. ஆனால் அதற்குள் வகுப்புத் திட்டம் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பான எஸ்.சி.எல்.சி.யின் கைக்குப் போய்விட்டது. ஜார்ஜியாவின் டார்செஸ்டர் மையத்தில் கிளார்க், டாரத்தி காட்டன், ஆண்ட்ரூ யங் மூவரும் ஊர் ஊராக வந்தவர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுத்து ஆசிரியர்களாக்கி அனுப்பினார்கள். ஹைலேண்டரும் வேறு பெயரில் மறுபடி எழுந்தது, இன்றும் இருக்கிறது. 2019-இல் அதன் அலுவலகக் கட்டடம் எரிந்தபோது, அந்த இடத்தில் வெள்ளை இனவெறியர் சின்னம் வரையப்பட்டிருந்தது.

கணக்காளர், ஈரோடு: தொண்டு அமைப்பு அரசியலில் இறங்கலாமா?

அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக்கூடாது. கட்சி சாராமல் வாக்காளரைப் பதிவு செய்யலாம், கற்பிக்கலாம்.

இல்லத்தரசி, நியூ ஜெர்சி: கறுப்பின மக்களின் உரிமையைப் பற்றிப் பேசும் நம் ஆட்கள், இங்கே வந்தும் சாதி பார்க்கிறார்கள். இதையும் சொல்லுங்கள்.

சொல்லத்தான் வேண்டும். கறுப்பின மக்கள் அடிபட்டுப் போராடிய அதே காலத்தின் விளைவுதான் 1965 குடியேற்றச் சட்டம். நம்மில் பெரும்பாலோர் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவர்கள். வந்த வீட்டில் நின்றுகொண்டு சாதி கேட்பது எவ்வளவு பெரிய துரோகம்! தமிழ் வேர் கொண்ட தலித் பெண்ணான தேன்மொழி சௌந்தரராஜன் நடத்தும் ஈக்வாலிட்டி லேப்ஸ் போன்ற அமைப்புகள் இதைப் பல ஆண்டுகளாகப் பேசிவருகின்றன. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். எதிர்த்தவர்களில் நம் நாட்டவர் நிறைய. உங்கள் தமிழ்ச் சங்கத்தில் யார் வீட்டில் யார் சாப்பிடுவார்கள் என்பதிலிருந்தே பேச்சை ஆரம்பிக்கலாம்.

இளைஞர், சார்லட்: எங்கள் பகுதியில் இப்படி ஓர் அமைப்பில் சேர்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் முதல் முறையாக வீடு வீடாகப் போகிறோம். என்ன பேசுவது அக்கா?

குறைவாகப் பேசுங்கள் தம்பி. துண்டறிக்கையைப் பையிலேயே வைத்திருங்கள். பெயரைச் சொல்லிவிட்டு, இந்தத் தெருவில் உங்களுக்குப் பெரிய தொந்தரவு எது என்று கேளுங்கள். நீங்கள் வாடகையைப் பற்றிச் சொல்வார் என்று நினைப்பீர்கள்; அவர் எரியாத தெருவிளக்கைச் சொல்வார். தெருவிளக்கையே எழுதிக்கொள்ளுங்கள். வேறு யாருக்கு இதே குறை இருக்கிறது என்று கேட்டு, அவர் காட்டும் வீட்டுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே கதவைத் தட்டுவது அவராக இருக்கட்டும்.