டெரோசார் பறந்ததா, சறுக்கியதா?

மண்டபம் பக்கத்திலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை எழுதியிருக்கிறார். அவருடைய எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்காக மூங்கிலும் தார்ப்பாயும் வைத்து மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு டெரோசார் (டைனோசர் காலத்தில் வாழ்ந்த, தோல் இறக்கை கொண்ட ஊர்வன) செய்துகொண்டிருக்கிறார்கள். "அது எங்கே பறந்தது? பாறை மேல் ஏறிக் குதித்து, நம்ம பறவைக்கோலா மீன் மாதிரி சறுக்கியிருக்கும், அவ்வளவுதான்" என்கிறாராம் தலைமையாசிரியர். அட்டையில் என்ன எழுதுவது என்பது ஆசிரியையின் முதல் கேள்வி. இரண்டாவது, ஒரு மாணவன் அரிச்சல்முனையில் பொறுக்கி வந்த வளைந்த எலும்பைப் பற்றியது. "இது பறக்கும் மிருகத்தோட எலும்பு" என்று அவன் தாத்தா சொல்லிவிட்டார், அதையும் பக்கத்தில் வைக்கலாமா?

எலும்பை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். கையில் தூக்கிப் பாருங்கள். கருங்கல் மாதிரி கனக்கிறதா? உடைந்த முனையில் துளையே இல்லாமல் உள்ளே கெட்டியாக இருக்கிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் கடல்பசுவின் விலா எலும்பு, நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்களே, அது. நீருக்கடியில் நின்று மேய வேண்டிய உயிர் என்பதால் எடைக்கல் கட்டியது போன்ற எலும்பு அதற்கு. டெரோசாரின் எலும்பு இதற்கு நேர் எதிர். உள்ளே காற்று, வெளியே முட்டை ஓடு போல மெல்லிய சுவர். ஏழு மீட்டர் இறக்கை விரித்த இனங்களில்கூட அந்தச் சுவர் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். தவிர, ராமேஸ்வரம் தீவின் பவளப்பாறைக் கல்லுக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள். டெரோசார்கள் ஒழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தாத்தாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். கடல்பசு, ஓங்கில், ஆமை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அதனால் எலும்பைக் கண்காட்சியில் வைக்க வேண்டாம், வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இனி பறப்புக்கு வருவோம். பறந்தது, இறக்கையை அடித்தே பறந்தது. முதுகெலும்புள்ள உயிர்களில் இப்படிப் பறக்கக் கற்றவை மூன்றே கூட்டம். டெரோசார், பறவை, வௌவால். அதில் டெரோசார்தான் முதல், 22 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வானத்தில் இருந்தது.

தலைமையாசிரியரின் கோலா மீன் உவமை அழகானது, ஆனால் இங்கே பொருந்தாது. கோலா தண்ணீருக்குள் வாலை அடித்து வேகம் எடுக்கிறது. வெளியே வந்ததும் துடுப்பை விரித்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். துடுப்பை அடிக்கத் தசையும் இல்லை, தேவையும் இல்லை. டெரோசாரின் மேற்கை எலும்பைப் பார்த்தால் தோளுக்குக் கீழே கோடாரி அலகு போல ஒரு பெரிய புடைப்பு நீட்டிக்கொண்டிருக்கும். மார்பெலும்பு அகன்ற தட்டு. பெரிய தசை கட்டுவதற்கென்றே அமைந்த இடங்கள் இவை. சும்மா சறுக்குகிற உயிருக்கு இவ்வளவு பெரிய எஞ்சின் எதற்கு? மூளையிலும் சாட்சி இருக்கிறது. உடல் சாயும்போது கண்ணையும் சமநிலையையும் காக்கும் ஒரு சிறு பகுதி பறவை மூளையில் 1 முதல் 2 சதவீதம். டெரோசார் மூளைக்கூட்டை 2003-இல் ஸ்கேன் செய்து பார்த்தபோது அது 7.5 சதவீதம் வந்தது. தோல் இறக்கை முழுவதிலிருந்தும் வரும் செய்தியைக் கையாளத்தான் அவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

பாறையிலிருந்து குதிக்கும் கதைக்கு ஒரு சின்னக் கணக்கு. ஆல்பட்ராஸ் என்ற கடல் பறவை சறுக்குவதில் கெட்டிக்காரி, ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் இருபது மீட்டர் முன்னே போய்விடும். டெரோசாரும் அதே அளவு கெட்டி என்றே வைத்துக்கொள்வோம். 25 மீட்டர் பனை உச்சியிலிருந்து குதித்தால் அரை கிலோமீட்டரில் தண்ணீரில் விழும். டெரனோடான் என்ற இனத்தின் எலும்புகளோ, அமெரிக்காவின் கான்சாஸ் பகுதியில் அன்று இருந்த கடலின் அடிவண்டலில், கரையிலிருந்து வெகு தொலைவில் கிடைத்திருக்கின்றன. காற்றில் மிதந்தே போயிருக்கலாமே என்று கேட்டால், சரி, போயிருக்கலாம். நம் செம்பருந்தும் கச்சான் காற்றில் அசையாமல் நிற்கிறது. ஆனால் மீன் எடுக்கத் தண்ணீர்வரை இறங்கினால் திரும்ப ஏறியாக வேண்டும், அதற்கு அடித்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் தலைமையாசிரியர் பக்கம் நியாயம் இருக்கும் இடமும் ஒன்று உண்டு. அது ராட்சத இனங்கள். 1971-இல் டெக்சாஸில் கிடைத்த கெட்ஸால்கோட்லஸுக்கு இறக்கை விரிப்பு 10 முதல் 11 மீட்டர், ஒரு பெரிய நாட்டுப்படகின் நீளம். நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம். எடை 200 முதல் 250 கிலோ என்பது இன்று பலர் சொல்லும் கணக்கு. ஜப்பானிய ஆய்வாளர் கட்சுஃபூமி சாட்டோ 2009-இல் ஆல்பட்ராஸ் போன்ற பறவைகள் இறக்கை அடிக்கும் வேகத்தை அளந்து, நாற்பது கிலோவுக்கு மேல் போனால் அப்படி இறக்கை அடித்துப் பறப்பது கட்டுப்படியாகாது என்றார். மறு ஆண்டே இன்னொருவர் கெட்ஸால்கோட்லஸின் எடை 544 கிலோ என்று கணக்குப் போட்டு, இது பறக்கவே இல்லை என்றார்.

இந்தக் கணக்குகளில் எனக்குள்ள சிக்கல், டெரோசாரைப் பறவையின் தராசில் நிறுத்துவதுதான். தனுஷ்கோடியில் பூநாரை எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர்மேல் தபதபவென்று ஓடி, இறக்கையை அடித்து, ஒருவழியாக மேலேறும். பறவைக்குத் தரையை உதைப்பது கால், காற்றை அடிப்பது இறக்கை, இரண்டும் தனித்தனி எஞ்சின். எடை கூடக்கூடக் கால் பெருக்க வேண்டும், மேலே போனதும் அந்தக் கால் வெறும் சுமை. டெரோசார் நான்கு காலில் நடந்த பிராணி. பாறைகளில் பதிந்த தடங்களில் அது தெளிவாக இருக்கிறது. இறக்கை விரலை மடித்து மேலே தூக்கிக்கொண்டு, மூன்று சிறு விரல்களை ஊன்றி நடந்திருக்கிறது. அப்படியானால் பறக்க வைக்கும் அதே தோள் தசையால் தரையைத் தள்ளி எகிறியிருக்கலாமே? மைக்கேல் ஹபீப் என்ற ஆய்வாளர் 2008-இல் முன்வைத்த வாதம் இதுதான். தென் அமெரிக்காவில் ரத்தம் குடிக்கும் வௌவால் இன்றும் தரையிலிருந்து முன்கையை ஊன்றித்தான் துள்ளி எழுகிறது. (நம் ஊர்ப் பழந்தின்னி வௌவால் தரையில் விழுந்தால் தத்தளிக்கும். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் உயரத்திலிருந்து குதிக்கும் யோசனை வரும் என்று நினைக்கிறேன்.)

இதற்கும் மாற்றுக் கருத்து உண்டு. கெட்ஸால்கோட்லஸை விரிவாக ஆராய்ந்து 2021-இல் வெளிவந்த ஆய்வு, அது பின்னங்காலால்தான் துள்ளி எழுந்தது என்கிறது. எனக்கு முன்கை வாதமே பிடித்திருக்கிறது. ஆனால் கவனியுங்கள், இந்தச் சண்டை அது தரையிலிருந்து எப்படி மேலெழும்பியது என்பதில்தான், பறந்ததா என்பதில் இல்லை.

அப்புறம் உங்கள் மாடல். அனுப்பிய படத்தில் இறக்கைக்குள் குடைக் கம்பி மாதிரி நாலு மூங்கில் ஓடுகிறது. அது வௌவால். டெரோசாரில் இறக்கையின் வெளிப்பாதி முழுக்க ஒரே விரல், நான்காவது விரல், அதுவும் முன் ஓரத்தில் மட்டும். மற்ற மூன்று விரல்கள் நகத்தோடு வெளியே துருத்திக்கொண்டிருக்க வேண்டும். தார்ப்பாயை எடுத்துவிட்டு மெல்லிய குடைத்துணி போடுங்கள். தோலுக்குள் நெருக்கமாக நார்கள் ஓடின, அதற்குத் தென்னை ஈர்க்கு ஒட்டலாம். துணியின் பின் ஓரம் கணுக்கால் பக்கம் வந்து முடியட்டும். உடம்பில் மயிர் மாதிரி ஒரு போர்வை இருந்தது, பச்சைப் பெயின்ட் வேண்டாம். எலும்பு எவ்வளவு லேசு என்று காட்ட மூங்கிலைவிடப் பப்பாளித் தண்டு நல்லது. பிள்ளைகளே ஒடித்துப் பார்க்கலாம்.

அட்டையில் "பறக்கும் டைனோசர்" என்று இருக்கிறது. டெரோசார் டைனோசருக்குப் பங்காளி, டைனோசர் அல்ல. "இறக்கை அடித்துப் பறந்த முதல் முதுகெலும்புள்ள உயிர்" என்று எழுதுங்கள். தலைமையாசிரியருக்காக அடியில் "ராட்சத இனங்கள் எப்படி எழும்பின என்பதில் விவாதம் தொடர்கிறது" என்று சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் தேர்ந்தெடுத்திருப்பது டெரனோடான், அந்தப் பெயருக்கே பல் இல்லாத இறக்கை என்றுதான் பொருள். வாயில் வரிசையாக ஒட்டியிருக்கும் தெர்மாகோல் பற்களைக் கழற்றச் சொல்லுங்கள்.