ஒரு மடக்குத் தண்ணீர்

கேள்வி: பக்கவாதத்தால் படுத்திருக்கும் என் தந்தைக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி கொடுத்து வருகிறோம். கை கால் அசைவு ஓரளவு திரும்பிவிட்டது. ஆனால் ஒரு மடக்குத் தண்ணீர் கேட்டுக் கெஞ்சுகிறார், மருத்துவரோ கூடாது என்கிறார். பார்க்க வரும் உறவினர்கள், "நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும்" என்று அவர் காதுபடவே சொல்கிறார்கள். விழுங்குவதுகூட நன்றி சொல்ல வேண்டிய ஒரு திறமையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் அனுமதிக்கும் வரை, மனம் இளகி ஒரு கரண்டிகூடக் கொடுத்துவிடாதீர்கள். சோற்றைவிடத் தண்ணீர் எளிதாக இறங்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். விழுங்கும் திறன் குறைந்தவருக்கோ, மூச்சுக்குழாயின் வாசல் அடைபடுவதற்குள் ஓடிப் புகுந்துவிடும் தண்ணீர்தான் பெரும்பாலும் மிகவும் ஆபத்தானது. பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்குத் தொண்டையின் உணர்வும் மங்கியிருப்பதால் இருமல்கூட வராது. நீர் ஓசையில்லாமல் நுரையீரலில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

இனி உங்கள் கேள்வி. தொண்டையின் மேல் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலெழுந்து இறங்குவது தெரியும். ஏறக்குறைய ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் அந்த அசைவில், நாக்கு கவளத்தைப் பின்னுக்குத் தள்ள, மெல்லண்ணம் உயர்ந்து மூக்குக்குச் செல்லும் வழியை அடைக்க, குரல்நாண்கள் ஒன்றுசேர, குரல்வளை மூடி கவிழ, மூச்சு நின்று, உணவுக்குழாயின் மேல்வாய் திறந்து, கவளம் இறங்கிய பிறகு மூச்சு மறுபடியும் தொடங்குகிறது. சுமார் 30 இணைத் தசைகளும் 5 இணைக் கபால நரம்புகளும் இதில் பங்கேற்கின்றன. தொடங்குவது மட்டுமே நம் விருப்பம். கவளம் தொண்டையைத் தாண்டியதும் மீதியை மூளைத்தண்டிலுள்ள முகுளம் பார்த்துக்கொள்கிறது. தாயின் கருவில் சில மாதங்களிலேயே பனிக்குட நீரை விழுங்கிப் பழகிய இந்த வேலையை, தூக்கத்தில்கூட நாம் முற்றிலும் நிறுத்துவதில்லை. வீணை வாசிப்பைத் திறமை என்று ஒப்புக்கொள்கிறவர்கள் இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே சமயம், இதை மறந்து வாழ்வதை நான் குற்றமாகக் கருதவில்லை. ஒவ்வொரு கவளத்தையும் கவனித்து விழுங்க வேண்டியிருந்தால், பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு ஒரு வார்த்தை பேசிக்கொண்டே சாப்பிட முடியாது. நம் நினைவுக்கே வராமல் நடப்பதும் அந்தத் திறனில் ஒரு பகுதி. ஆகவே, நன்றி மறந்ததற்குத் தண்டனை கிடைத்துவிட்டதைப் போல உங்கள் தந்தையிடம் பேசுவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. அந்தப் பழமொழியை வெயிலில் நடப்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம். நிழலில் நிற்பவர் அவரிடம் சொன்னால் அது வெறும் குத்தல். அவரைப் பார்த்துவிட்டு, "நமக்கு இந்த நிலை இல்லையே" என்று நிம்மதிப்படுவதையும் சிலர் நன்றி என்கிறார்கள். எனக்கு அது பயமாகத்தான் தெரிகிறது.

நன்றியுணர்வு மெய்யானால் அதற்குச் செய்ய வேலை இருக்கிறது. வாயால் எதுவும் சாப்பிடாதவருக்கும் வாயை நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும், ஏனெனில் அங்கே பெருகும் கிருமிகள்தாம் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகின்றன. குழாயில் உணவு கொடுக்கும்போதும் அதன் பிறகு அரை மணி நேரமாவது அவரை நிமிர்த்தி உட்கார வைத்திருங்கள். பேச்சுப் பயிற்சியாளர்கள் விழுங்குவதற்கும் பயிற்சி தருகிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மருத்துவரிடம் கேட்டு அப்படி ஒருவரை வரவழையுங்கள். எந்தப் பதத்தில் கெட்டியாக்கிய உணவை, தலையை எப்படி வைத்துக்கொண்டு விழுங்கலாம் என்பதை அவர் சோதித்துச் சொல்வார். பக்கவாதத்துக்குப் பின் பெரும்பாலோருக்கு முதல் சில வாரங்களில் இந்தத் திறன் தேறிவருகிறது என்பதை உங்கள் தந்தையிடம் சொல்லுங்கள். உறவினர்கள் அவர் எதிரில் அமர்ந்து காப்பி குடிக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

கேள்வி: புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுகிறார்களே, பயன் உண்டா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: யாராவது நினைத்துவிட்டுப் போகட்டும், தலையில் தட்டுவதால் பயன் இல்லை. வழி தவறியதை வெளியே தள்ளுவது இருமல். தொல்லை என்று நாம் சலித்துக்கொள்ளும் அதுவும் மேலே சொன்ன நன்றிக் கணக்கில் சேர வேண்டியதே. எனவே இருமுகிறவரை இருமவிடுங்கள், அந்த நேரத்தில் தண்ணீரை நீட்டாதீர்கள். பெரியவர் ஒருவர் பேசவோ இருமவோ முடியாமல் தொண்டையைப் பிடித்துக்கொண்டால் மட்டும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, அவரை முன்புறம் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். வீட்டுப் பெரியவருக்குச் சாப்பிடும்போதெல்லாம் புரையேறுகிறது என்றால், நினைக்கிறவர் யார் என்று கேலி செய்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.