பிள்ளைக்குச் சுட்டுவிட்டால்: கேட்டதும் சொன்னதும்

தீக்காய வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேலூர்: அக்கா, மூன்று வயது மகன் தொடையில் வடிகஞ்சி கொட்டி ஒரு மணி நேரம் ஆகிறது. மாமியார் இட்லி மாவு பூசியிருக்கிறார். போதுமா?

மாவைக் கழுவிவிடு தங்கச்சி. பேஸ்ட், மஞ்சள், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம், கடிகாரம் பார்த்து, ஓடவிடு. 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. கஞ்சி தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை விடாது, அதனால் காயம் ஆழமாகும். டவுசரையும் அரைஞாண் கயிற்றையும் உடனே எடுத்துவிடு, வீங்கினால் இறுக்கும். ஒட்டிய துணியை மட்டும் இழுக்காதே. மேல் உடம்பைப் போர்த்து, பிள்ளை நடுங்கக் கூடாது. அப்புறம் துவைத்த பருத்தித் துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. வீட்டில் பூசியதை வார்டில் நாங்கள் வழித்தெடுக்கும்போது பிள்ளைகள் கதறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

உசிலம்பட்டி: மகள் கையில் தீப்பட்ட இடம் வெள்ளையாக இருக்கிறது. வலிக்கவில்லை என்கிறாள். சின்னக் காயம்தானே?

இல்லை அண்ணே, இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சிவந்து எரிந்தால் மேல்தோல் காயம். கொப்புளித்து, ஈரமாக, தொட முடியாமல் வலித்தால் அதைவிட ஆழம். வெள்ளையாகவோ கருப்பாகவோ தோல் விறைத்து, தொட்டாலும் தெரியவில்லை என்றால் நரம்பே வெந்துவிட்டது. வலிக்காததுதான் எனக்குப் பயம். இதற்குத் தோல் ஒட்ட வேண்டி வரலாம்.

வாடிப்பட்டி: எவ்வளவு பட்டால் பெரிய காயம்?

விரல்களைச் சேர்த்து வைத்த பிள்ளையின் சொந்த உள்ளங்கை, அதன் உடம்பில் சுமார் 1 சதவீதம். கொப்புளமோ அதைவிட ஆழமோ உள்ள இடம் பத்து உள்ளங்கை அளவு வந்தால் சலைன் ஏற்ற வேண்டியிருக்கும், 108-ஐக் கூப்பிடுங்கள். முகம், கை, பாதம், மறைவிடம், மூட்டு என்றால் அளவே பார்க்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூடிய அறையில் புகைக்குள் இருந்த பிள்ளைக்குக் குரல் கம்மினாலும் 108தான்.

திருமங்கலம்: சின்னக் கொப்புளம்தான். மூன்றாம் நாள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் தடிப்பு.

காயம் சின்னது என்று காத்திருக்காதீர்கள். கிருமி விஷம் இரத்தத்தில் கலந்திருக்கலாம். பிள்ளை சோர்ந்து கிடப்பதற்குள், இந்த ராத்திரியே எமர்ஜென்சிக்குப் போய், சுட்ட காயம் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.