ஆர்செனிக்குக்கு மைக்கோரைசா தூள் வாங்கலாமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் அரைக்கீரையும் முள்ளங்கியும் போடுகிறேன். மனையை மேடாக்கியபோது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த மண்ணைக் கொட்டியிருக்கிறார்கள். அதில் ஆர்செனிக் இருக்குமாமே? நர்சரிக்காரர் மைக்கோரைசா தூளைக் காட்டி, "விஷத்தை இது தின்னுடும்மா, கிலோ 200 ரூபாய்" என்கிறார். வாங்கலாமா?
- வாசகி, எர்ணாவூர்

பதில்: வேண்டாம். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக் இருப்பது உண்மைதான். ஆனால் அது ஒரு தனிமம். மைக்கோரைசா என்பது செடியின் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை. எந்தப் பூஞ்சையும் ஆர்செனிக்கைத் தின்று இல்லாமல் ஆக்க முடியாது.

நர்சரிக்காரர் எதையோ அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறார். ஈரம் தேங்காத மண்ணில் ஆர்செனிக் பெரும்பாலும் ஆர்சனேட் என்ற வடிவில் இருக்கும். அது பாஸ்பேட்டின், அதாவது செடிக்கு வேண்டிய மணிச்சத்தின், சாயலில் இருப்பதால், மணிச்சத்து என்று ஏமாந்து வேர் உள்ளே விட்டுவிடும். வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சையும் ஏமாறும். ஆனால் அது ஆர்சனேட்டை ஆர்சனைட் என்ற இன்னொரு வடிவமாக மாற்றி வெளியே தள்ளிவிட்டு, பாஸ்பேட்டை வைத்துக்கொள்ளும். தென்மேற்கு இங்கிலாந்தின் பழைய சுரங்க மண்ணில் வளரும் ஹீதர் என்ற புதர்ச்செடியின் வேர்ப்பூஞ்சையில் இதை 2000-இல் கண்டறிந்தார்கள். கடையில் விற்பது வேறு வகைப் பூஞ்சை. அதற்கும் இந்த வித்தை கொஞ்சம் தெரியும். மணிச்சத்தைப் பூஞ்சை கொண்டுவந்து கொடுப்பதால் செடியும் தன் சொந்த வழியைக் குறைத்துக்கொள்ளும்.

சரி, வெளியே தள்ளிய ஆர்செனிக் எங்கே போகும்? உங்கள் மண்ணுக்கேதான்.

அதைவிட முக்கியம், முள்ளங்கி, கடுகு, கோஸ் குடும்பம் இந்தப் பூஞ்சையோடு ஒட்டுவதே இல்லை. அரைக்கீரையின் குடும்பமும் பெரும்பாலும் அப்படித்தான். அந்த 200 ரூபாய் உங்கள் பாத்திக்கு வீண்.

முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். வழக்கமான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் (பொட்டாஷ்) போன்ற சத்துகள்தான் வரும். ஆர்செனிக்கைத் தனியாகக் கேட்க வேண்டும். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசியத் தர அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகப் பாருங்கள். முடிவு வரும்வரை அந்தக் கீரையையும் முள்ளங்கியையும் சமைக்காதீர்கள். நல்ல மண்ணும் தென்னைநார்க் கழிவும் நிரப்பிய பைகளில் வளர்க்கலாம்.

பைகளில் கத்தரி, தக்காளி, மிளகாய் வைத்தால் மைக்கோரைசா பயன்படலாம், விஷத்துக்காக அல்ல, மணிச்சத்துக்காக. காலாவதித் தேதியைப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். அப்புறம் மணிச்சத்து மிகுந்த டிஏபி உரத்தை அள்ளிப் போடாதீர்கள். மணிச்சத்து மிஞ்சினால் பூஞ்சை வேரில் சரியாகப் பிடிக்காது. "ஆர்செனிக்கை நீக்கும்" என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருந்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள்.