சேலம் பக்கத்துக் கிராமத்தில் சின்னதாகத் தோல் வேலை. வியாபாரம் படுத்தால் எப்படித் தாக்குப்பிடிப்பது?

பெல்ட், பை செய்து விற்கிறோம், ஆர்டர் நின்றுவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். ஓமலூர் பக்கம் இதே தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் தோலில் பணத்தை முடக்காதீர்கள். 2020 ஊரடங்கில் நான் பட்டது அதுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி அடுக்கியது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. பிளாஸ்டிக்கில் சுற்றியதுதான் தப்பு. பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். ஏற்காட்டில் கடைக்குக் கொடுப்பதானால் இது இன்னும் முக்கியம்; அந்த ஈரம் எதையும் விடாது.

அடுத்து, எந்தத் தோல் என்று பார்த்து வாங்குங்கள். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நடுவில் நீலச்சாம்பல் தெரிந்தால் பெரும்பாலும் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பால் பதனிட்டது. உள்ளேயும் பழுப்பாக இருந்தால் கடுக்காய், ஆவாரம்பட்டை மாதிரித் தாவரப் பொருளால் பதனிட்ட தோலாக இருக்கும். பெல்ட்டுக்கு இதுதான் சரி; பழகப் பழக நிறம் ஏறும். அதைச் சொல்லியே விற்கலாம்.

ஆர்டர் இல்லாத மாதங்களில் எங்களுக்குச் சோறு போட்டது ரிப்பேர்தான். பை வார் மாற்றுவது, ஜிப் போடுவது. கௌரவம் பார்க்காதீர்கள்.

கந்துவட்டிப் பக்கம் போகவே வேண்டாம். செருப்பு வேலையும் செய்தால், 2023-இல் வந்த மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் 5 சதவீத வட்டிக்கு முதல் தவணையாக 1 லட்சம் வரை கடன் உண்டு. ஆனால் தமிழ்நாடு அரசு 2024-இல் இதை ஏற்க மறுத்தது; இங்கே இப்போது பதிய முடியுமா என்று பொதுச் சேவை மையத்தில் முதலில் கேளுங்கள். வங்கிக்கு நாலு நடை நடக்க வேண்டியிருக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.