பார்க்கப் போகும் பயணம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போய்வரத் தொடங்கிய என் மகள், இப்போது இருபத்தொரு வயதில் சைக்கிள் பந்தய வீராங்கனையாக இருக்கிறாள். வருகிற கோடையில் மூன்று மாதம் பெல்ஜியத்தில் வேறு இரண்டு பெண்களோடு வாடகை அறையில் தங்கி, அங்குள்ள ஊர்ப் பந்தயங்களில் ஓட்டப் போகிறாள். ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. கணக்குப் போட்டால் ஒன்றேமுக்கால் லட்சம் வருகிறது. "பார்க்கிறதுக்கா இவ்வளவு காசு? அதை அவளுக்கே அனுப்பு, நல்ல சக்கரம் வாங்கிக்கொள்வாள்" என்கிறார் என் அண்ணன். கடற்கரைப் பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு என்றும் கேட்கிறார். மகளோ "வராதீங்கப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

உங்கள் மகனின் பந்தயத்தைப் பார்க்க பெல்ஜியம் போய்வந்ததாக எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நான் போகலாமா? போனால் அவளுக்குப் பதற்றமாகுமா? விசா எளிதில் கிடைக்குமா? கருவாடும் பால்கோவாவும் எடுத்துப் போகலாமா? அங்கே ஜெயித்தால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு உதவுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், மண்டபம்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பழைய வீட்டிலிருந்து வந்த பெட்டி ஒன்றைப் பிரித்து, அதற்குள் இருந்த 1961ஆம் ஆண்டு நாள்காட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொழும்புப் புறக்கோட்டையில் என் தகப்பனார் கணக்கெழுதிய துணிக்கடையின் நாள்காட்டி அது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடலாம்.

எழுதுகிறவளிடம் விசாவைப் பற்றிக் கேட்கக் கூடாது, ஆனாலும் தெரிந்ததைச் சொல்கிறேன். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். வங்கிக் கணக்கில் பணம் நேற்று முளைத்ததுபோல் தெரியக் கூடாது. மற்றதை இராமநாதபுரத்தில் எந்தப் பயண முகவரும் சொல்வார். பால்கோவா கூடாது, ஏனென்றால் பாலோ இறைச்சியோ சேர்ந்த பண்டங்களைப் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் விடுவதில்லை. மீனுக்கு அந்தத் தடை இல்லைதான். ஆனால் வேற்றூர்ப் பெண்களோடு ஒரே அறையில் இருக்கும் பிள்ளைக்குக் கருவாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவளை அந்த அறையிலிருந்து வெளியேற்றிவிடாதீர்கள்.

ரயில்வே வேலை பற்றிய கேள்வியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அங்கே ஓர் ஊர்ப் பந்தயத்தில் வென்றால் ஒரு பூங்கொத்தும், சிறு தொகை வைத்த உறையும் கிடைக்கும். அது எந்த ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் ஏறாது. அவள் இன்னும் விமானமே ஏறவில்லை, அதற்குள் அவள் வண்டியின் பின்னால் ஓர் அரசு வேலையைக் கயிறு போட்டுக் கட்டி இழுக்கச் சொல்கிறீர்கள். இந்தக் கேள்வியை அவளிடம் கேட்டிருந்தீர்களானால், அவள் ஏன் "வராதீங்கப்பா" என்றாள் என்று என்னிடம் கேட்க வேண்டியதே இல்லை.

கடற்கரைப் பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு என்கிற உங்கள் அண்ணனிடம், 2004 சுனாமியில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்த நிக்கோபார்ச் சிறுமி டெபோரா ஹெரால்டு பின்னாளில் இந்தியாவுக்காகச் சைக்கிள் ஓட்டியதையும், அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்தே வந்த ஈசோ ஆல்பன் 2019இல் ஜெர்மனியில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் தங்கம் வென்றதையும் சொல்லுங்கள். கேட்காவிட்டால் போகட்டும்.

ஆனால் "காசை அவளுக்கே அனுப்பு" என்று அவர் சொன்னாரே, அதை மட்டும் போகட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை. அது அவர் ஒருவருடைய பேச்சு அல்ல. நம் கடற்கரை முழுவதும் நூறாண்டுகளாகப் பேசிவரும் பேச்சு. கீழக்கரையிலோ தொண்டியிலோ ஒரு வீட்டு வாசலில் நின்று "அவர் எங்கே?" என்று கேட்டால், "பயணம் போயிருக்கிறார்" என்பார்கள். சம்பாதிக்க வெளிநாடு போயிருக்கிறார் என்று அதற்குப் பொருள். நம் அகராதியில் பயணத்துக்கு வேறு பொருளே இருந்ததில்லை. போகிறவர் பணம் அனுப்புவார், துணி அனுப்புவார், சோப்பும் தைலமும் அனுப்புவார். வீட்டில் இருப்பவர்கள் அவற்றைப் பெற்றுக்கொண்டு கடிதம் எழுதுவார்கள். போய்ப் பார்ப்பது என்பது மட்டும் யாருடைய கணக்கிலும் வந்ததில்லை.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, எழும்பூரில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் ஏறித் தலைமன்னாருக்குப் போகலாம். கடல் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். அந்த வழியில்தான் என் தகப்பனார் போனார், வந்தார். பதினேழு வருடம் அவர் அந்தக் கடையில் இருந்தார்; என் தாயார் ஒருநாளும் அந்தக் கடையைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று கேட்டதும் இல்லை, ஏனென்றால் அந்தக் கப்பல் காசில் எனக்கும் என் தங்கைக்கும் ஒரு வருடத்துக்குத் துணி எடுக்கலாம். ஆண்டுதோறும் அவர் கொண்டுவந்த நாள்காட்டியில் கடையின் முகப்பு ஒரு சிறு சித்திரமாக அச்சாகியிருக்கும். அவர் வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகு, ஒருநாள் சாயங்காலம் அம்மா, "இதில் நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள்?" என்று கேட்டார். அவர் வாசல் மணலில் குச்சியால் கோடு போட்டு, இது கதவு, இது துணி அடுக்கும் பலகை, இது என் மேசை என்று காட்டினார். அம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் வழக்கம்போல வாசல் கூட்டும்போது அந்த இடத்தை மட்டும் கூட்டாமல் விட்டார்.

ஆகவே போங்கள், தம்பி. ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு வரவு என்ன என்று தேடாதீர்கள். கணக்கெழுதுகிறவருக்கு அது கடினம் என்று எனக்குத் தெரியும், நான் ஒரு கணக்கர் வீட்டில் வளர்ந்தவள்.

போனால் எவ்வளவு பார்க்கக் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூலையில் நான் நின்றது, கிழக்கு பிளாண்டர்ஸ் மாகாணத்தில் ஔடனார்டே நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இந்தப் பந்தயங்களை அங்கே கெர்மிஸ் பந்தயம் என்கிறார்கள். கெர்மிஸ் என்றால் மாதாகோவில் திருவிழா. நம் பக்கத்துக் கோவில் திருவிழாவில் பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் விடுவதுபோல, அவர்கள் வயது பிரித்துச் சைக்கிள் விடுகிறார்கள். பெயர் பதிவதும் முதுகுக்கு எண் வாங்குவதும் ஒரு சாராயக் கடையில் நடக்கும். கட்டணமில்லாமல் யாரும் தெருவோரத்தில் நின்று பார்க்கலாம். சோளக் காட்டையும் உருளைக்கிழங்கு வயலையும் சுற்றி வரும் எட்டுக் கிலோமீட்டர்ச் சாலை, பதினான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் என் முன்னால் என் மகனின் முகம் தெரிவது மூன்று நொடி. மொத்தம் 42 நொடி. அதற்காக ஏறத்தாழ எட்டாயிரம் கிலோமீட்டர் போயிருந்தேன். இடையில் பதினோரு நிமிடம், பன்னிரண்டு நிமிடம் வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அன்று மேற்கிலிருந்து காற்று அடித்தது. பக்கக் காற்றில் இவர்கள் ஒருவர் பின் ஒருவராக நேர்கோட்டில் வருவதில்லை. முன்னால் இருப்பவரின் மறைவைத் தேடிச் சாய்ந்த வரிசையாக, விரித்த விசிறிபோல வருகிறார்கள். அந்த ஊர்க்காரர்களும் தம் மொழியில் அதை விசிறி என்றுதான் சொல்கிறார்கள். சாலையின் அகலம் தீர்ந்ததும் விசிறியில் இடம் தீர்ந்துவிடும்; இடம் கிடைக்காதவன் ஓரத்தில் முழுக் காற்றையும் தனியாக வாங்கிக்கொண்டு, சிறிது நேரத்தில் பின்தங்கிப் போவான். கச்சான் என்னும் மேற்குக் காற்றுக் காலத்தில் தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பழகியவனுக்கு இது என்ன புதிது என்று எண்ணியிருந்தேன். கச்சானில் தனியே ஓட்டுவது வேறு, அதே காற்றில் ஒரு முழ இடத்துக்கு நூறு பேரோடு தோளிடிப்பது வேறு என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. உங்கள் மகள் தனுஷ்கோடிச் சாலையில் பழகியவளாக இருந்தால், காற்று தெரியும் என்று நீங்களும் நம்பிக்கொண்டிருப்பீர்கள், நம்பாதீர்கள்.

இனி நான் சொல்வதுதான் முக்கியம். அன்று வெயில் கடுமையாக இருந்தது. மகன் காலையில் என் கையில் இரண்டு தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்து, ஆறாவது சுற்றில் ஒன்று, பத்தாவதில் ஒன்று என்றான். அவனுக்கு வேறு ஆள் இல்லை. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வருகிறவன் ஒரு நொடியில் பதினோரு மீட்டர் கடந்துவிடுவான்; அவன் கையில் ஒரு பொருளைக் கொடுப்பது, ஓடும் ரயிலில் இருப்பவருக்குச் சோற்றுப் பொட்டலம் நீட்டுவது போன்றது. பேரனுக்குத் தண்ணீர் கொடுக்க வந்திருந்த ஒரு கிழவர், நான் நின்ற விதத்தைப் பார்த்துவிட்டு, என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சாலை சற்று மேடேறும் இடத்தில் நிறுத்தினார். மேட்டில் வேகம் குறையும். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கையாலேயே காட்டினார். பாட்டிலின் கழுத்தைக் கட்டைவிரலாலும் இரண்டு விரல்களாலும் மட்டும் பிடிக்க வேண்டும், உடம்புப் பகுதி வாங்குகிறவனுக்காகக் காலியாக இருக்க வேண்டும். கையைத் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் நீட்டி, அவன் தொலைவில் வரும்போதே அசையாமல் காட்ட வேண்டும். வாங்குகிறவனின் கையைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்க்கவே கூடாது. இந்த கடைசி விதியை அவர் தம் கண்ணை மூடியும் திறந்தும் மூன்று முறை காட்டினார்.

நான் முகத்தைப் பார்த்தேன். எட்டு மாதமாகத் தொலைபேசியில் மட்டும் பார்த்த முகம், எச்சிலும் தூசியும் படிந்து, வாய் திறந்து, என்னை நோக்கி வந்தது. பார்த்ததும் என் விரல்கள் தாமாக இறுகிக்கொண்டன. அவன் கை பாட்டிலில் பட்டது, நான் விடவில்லை. அது இருவர் கையிலும் இல்லாமல் தெறித்து, பின்னால் வந்தவனின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி உருண்டு, ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. மகனின் வண்டி ஒருமுறை ஆடி நேரானது. அப்புறம் எல்லாரும் போய்விட்டார்கள், சாலை காலியாக இருந்தது.

பத்தாவது சுற்றில் இரண்டாவது பாட்டிலை அவன் வாங்கிக்கொண்டான். பதினோராவது சுற்றில் கூட்டம் வந்தது, அதில் அவன் இல்லை. அதற்குப் பின்னால் உதிரிகளாக வந்தவர்களிலும் இல்லை. மிகவும் பின்தங்கியவர்களை நடுவர்கள் நிறுத்திவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. விழுந்துவிட்டான் என்றே நினைத்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடினேன். அவன் மாதாகோவில் மதிலில் சாய்ந்து உட்கார்ந்து காலுறையை உதறிக்கொண்டிருந்தான். "விசிறியில் இடம் கிடைக்கவில்லை அம்மா" என்றான். பாட்டிலைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. நான் அவன் சொன்ன காரணத்தை நம்பவில்லை, அதை அவனிடம் சொன்னதும் இல்லை.

உங்கள் மகள் வராதீர்கள் என்பது பதற்றத்தால் என்று நினைக்கிறீர்கள். புதிதாகப் போகிறவர்கள் முதல் சில பந்தயங்களை முடிப்பதே அரிது. அது அவளுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. தான் மதிலோரம் உட்கார்ந்திருப்பதை அப்பா பார்த்துவிடுவாரே என்றுதான் அவள் அஞ்சுகிறாள். அவளிடம் பந்தயம் பார்க்க வருகிறேன் என்று இனிமேல் சொல்லாதீர்கள். தண்ணீர் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

இல்லை என்றாளானால் உடனே பழகத் தொடங்குங்கள். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், அவள் வலக்கையால் வாங்குவாள், நீங்கள் வலப்பக்க ஓரத்தில் நிற்க வேண்டும். அவள் உங்களைக் கூட்டத்தில் தேடாமல் இருக்க வேட்டி கட்டிக்கொள்ளுங்கள். என்னைக் கண்டுபிடிக்க அவனுக்கு என் மஞ்சள் புடவை உதவியது. பாட்டில் நீட்டும் சுற்றில் செல்பேசியைப் பையிலிருந்து எடுத்தீர்களென்று கேள்விப்பட்டால் உங்களுக்கு இனிக் கடிதமே எழுத மாட்டேன். விசா வருவதற்குள் ஐஸ் கம்பெனிக்கு வெளியே உங்கள் அண்ணன் மகனையோ வேறு பையனையோ சைக்கிளில் வேகமாக வரச்சொல்லி, தினமும் பத்து முறை நீட்டிப் பாருங்கள். விழுகிற பாட்டில்கள் மண்டபத்துச் சாலையிலேயே விழுந்து தீரட்டும். உங்கள் அண்ணனையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். விழுந்ததைப் பொறுக்கித் தர ஒருவர் வேண்டும்.

அன்புடன்,
அக்கா